பார்க்காத மழைக்கு ஒரு கோடு

அன்று காலை எட்டரை மணிக்கு நான் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தேன். கையில் அளவு போட்ட கண்ணாடிக் குழாய். முந்தின நாள் சாயங்காலம் நகரியில் நல்ல மழை, இடியும் மின்னலுமாக ஒரு மணி நேரம் கொட்டியது. மொட்டை மாடி மழைமானியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து, போனில் நம் மழைக் குழுவில் எல்லோருக்கும் முன்னால் போட்டுவிட வேண்டுமென்ற அவசரம். போன் அடித்தது. திரையில் 'ஏழுமலை அண்ணன்' என்று வந்தது. மனுஷனுக்குப் பொறுமையே கிடையாது, அளப்பதற்குள் கேட்கிறார் பார் என்று நினைத்துக்கொண்டு, "இருங்கண்ணா, இன்னும் மேலயே ஏறல" என்றேன். பேசியது அவர் மகள் கவிதா.

"அத்தை, நைனா பூட்டாரு."

விடியற்காலை பால் வாங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லையாம். நான் கண்ணாடிக் குழாயைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். சேலைகூட மாற்றாமல் புத்தூர் போய், அங்கிருந்து அவர் ஊருக்குப் போகும் பிச்சாட்டூர் பஸ் பிடித்தேன். அது அவர் பல வருஷம் டிக்கெட் கொடுத்த பஸ். வேறொருவர் மெஷினை நீட்டினார். எனக்கு எந்த ஊர் பெயரும் வாயில் வரவில்லை.

நம் மழைக் குழுவில் இருக்கும் இருபத்தைந்து பேரும் அவரைப் பற்றி என்னை எழுதச் சொன்னீர்கள். என் வாய் நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும், பேனாவைப் பற்றித் தெரியாமல் சொல்லிவிட்டீர்கள். இறந்தவரைப் பூமாலை போட்டாற்போல் புகழ்ந்துகொண்டே போக எனக்கு வராது. அதோடு, அவர் உயிரோடிருக்கும்போது சொல்லியிருக்க வேண்டிய ஒரு உண்மையை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது ஒரு சித்திரை மாத மாலையில். நாராயணவனத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு, திடீர் மழையில் தொப்பலாக நனைந்து பஸ் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கொடுக்காமல் என் சேலையையே பார்த்தார்.

"எங்கம்மா நனைஞ்ச?"

"இங்கதான்."

"நின்னுக்கினு இருந்தப்பவா, நடந்து வர்றப்பவா? சொட்டு பெருசா? மேல பட்டா வலிச்சுதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்யா, டிக்கெட்டு குடுக்கறியா, நான் எறங்கி நடக்கட்டுமா?"

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். பல நாள் கழித்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். 'நாராயணவனம், 5.10, பெரிய சொட்டு, ஒரு அம்மாவுக்குக் கோபம்.' அதையும் சேர்த்துத்தான் குறித்திருந்தார்.

நான் புத்தூரில் இறங்கும்போது, "நீ நகரி போறதுக்குள்ள அங்கயும் பேஞ்சு முடிஞ்சிருக்கும்" என்றார். வீட்டுக்குப் போனால் அப்படியே. எங்களுக்கு விசைத்தறி. சாயம் போட்ட நூலை மூங்கிலில் மாட்டி வெளியே காயவைப்போம். என் வீட்டுக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, சிவப்பு பச்சையில் இறங்கி, பச்சை மஞ்சளில் இறங்கி, அத்தனை நூலும் பாழ். அடுத்த வாரம் அந்த பஸ்ஸைத் தேடிப் போய் ஏறினேன். "மழ வருதுன்னு முன்னாடியே சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். "சொல்றேன். பதிலுக்கு உன் மாடி வேணும்" என்றார். இப்படித்தான் என் மாடிக்கு மழைமானி வந்தது. மேலே ஒரு புனல், கீழே ஒரு டப்பா, அளக்க ஒரு கண்ணாடிக் குழாய். அவ்வளவுதான் கருவி.

அதை நட்டு வைத்த அன்றே சட்டமும் போட்டார். உங்களுக்கும் அதே பாடம்தான் நடந்திருக்கும்.

"தெனம் காலைல எட்டரைக்குப் பாரு. பேஞ்சாலும் பாரு, பேயலன்னாலும் பாரு. பாத்து, தண்ணி இல்லன்னா சைபர் போடு. பாக்கவே இல்லன்னா சைபர் போடாத, கோடு போடு. சைபர்னா, நான் பாத்தேன், மழ இல்ல. கோடுன்னா, நான் பாக்கல. ரெண்டும் ஒண்ணு இல்லம்மா."

"ஒரு கோட்டுல இன்னா குடி முழுகிடப் போவுது?" என்றேன்.

"மழைக்கு ஒண்ணும் இல்ல. நமக்குத்தான்" என்றார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை, விளங்கியதாகத் தலையாட்டி வைத்தேன்.

முதல் கோடையிலேயே ஒரு கூத்து நடந்தது. வானத்தில் பஞ்சு அளவுகூட மேகமில்லாத ஒரு நாளுக்கு என் மழைமானியில் 38.6 மில்லிமீட்டர். நான் போட்டதும் குழுவே பரபரத்தது. ரேடார் படத்தில் ஒன்றுமே இல்லையே, நகரிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்குக் காரணம் கண்டுபிடித்தீர்கள். அன்று அவருக்கு விடுமுறை. நேராக வந்து மாடி ஏறினார். நான் இன்னும் கொட்டாமல் வைத்திருந்த தண்ணீரை உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, வாயில் வைத்துச் சப்புக் கொட்டினார்.

"போர் தண்ணி. உப்பு கீது."

"அய்யய்யோ, அதுல காக்கா ஒக்காந்துக்கினு இருக்கும்ணா."

"காக்கா ஒக்காந்த தண்ணிக்கு வேற ருசி" என்றார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாய் எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குப் போய், மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டீர்கள், எவ்வளவு நேரம் வழிந்தது என்று விசாரித்து அதையும் எழுதிக்கொண்டார். நான் நோட்டில் 38.6-ஐ அடித்து சைபர் போடப் போனேன், கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். "நீ பாத்தது மோட்டார் தண்ணி. அதுக்குள்ள நாலு சொட்டு மழை கலந்து இருந்தா உனக்கு எப்படித் தெரியும்? கோடு போடு." மழைமானி மாடியின் மறுமூலைக்குப் போயிற்று.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று யாரும் இப்போது கதை கட்ட வேண்டாம். கவிதாவின் நிச்சயதார்த்தத்துக்கு, 'இன்னிக்கு ஒரு சொட்டு விழாது' என்று சொல்லி, பந்தல் அத்தனை பேர் இலையிலும் சரிந்ததை நாம் மறந்துவிடவில்லை. அன்றும் நனைந்தபடி நின்று மணியைக் குறித்துக்கொண்டிருந்தார். கோடைப் பிற்பகலில் அவர் அனுப்பும் குரல் செய்திகளில் பாதி பஸ் சத்தம்தான் இருக்கும். மேற்கே குடுபல்லியில் இருக்கும் நம் ஆள் முதல் இடியைச் சொன்னதுமே இவருக்கு உடம்பில் துடிப்பு வந்துவிடும். கிழக்கே நாகலாபுரத்தில் ஏறுகிறவர்களிடம், கடல் காற்று எத்தனை மணிக்கு வந்தது, கொடியில் காய்ந்த துணி எந்தப் பக்கம் பறந்தது என்று கேட்பார். மேற்கே இருந்து வரும் இடிமேகமும் கிழக்கே இருந்து வரும் காற்றும் எங்கே சந்திக்கும் என்பதுதான் அவருடைய ஓயாத கேள்வி. ஒரு குரல் செய்தியில், "கண்டக்டரு, வான வஸ்துந்தா?" என்று ஒரு பெண் தெலுங்கில் மழை வருமா என்று கேட்பது விழும். "தெலீதம்மா" என்பார் இவர். தெரியாதம்மா என்று அப்படி நிம்மதியாகச் சொல்கிற ஆம்பிளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "தெரியலன்னு சொன்னா வாய் வலிக்குமா இன்னா?" என்பார். நம்மில் சிலர் ரேடார் படத்தையே கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அந்தச் செவப்புக்குக் கீழ யாராச்சும் நனைஞ்சாங்களா, போன் போட்டுக் கேளு" என்றது அவர்தான்.

இவ்வளவு எதற்காக அளந்தார் என்பது உங்களில் சிலருக்குத் தெரியாது. பிச்சாட்டூருக்கு அப்பால் அவர் குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் நிலம். ஒரு சாண் மண் சொந்தமில்லாமல் கூலிக்குப் போன குடும்பம் அது. அவர்கள் நைனா காலத்தில் சர்க்கார் பட்டாவாகக் கிடைத்த நிலம். அவருடைய அண்ணன் கோவிந்தசாமி அதில் வேர்க்கடலை போட்டு வந்தார், கோடை உழவுக்கு மழையை நம்பி ஏமாந்து ஏமாந்து அலுத்துப் போனார். அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: நகரி மலை வருகிற மேகத்தை இரண்டாக வெட்டிவிடும், அதன் மறைவில் கிடக்கும் ஊருக்கு மழை கிடையாது. செங்கல் சூளைக்காரர் ஒருவர் அந்த மண்ணைக் கேட்டு வந்தபோது, கொடுத்துவிடலாம் என்று கோவிந்தசாமி முடிவு செய்தார். தம்பி கையெழுத்து வேண்டும். தம்பி போடவில்லை.

"மழ எட்டிப் பாக்காத நெலத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்றாராம் அண்ணன்.

"மண்ண வெட்டி எடுத்துட்டா அப்புறம் பள்ளம்தான், திரும்பி வராது. மழ வருதா வரலையான்னு முதல்ல அளந்து பாப்போம்" என்றிருக்கிறார் தம்பி.

மூன்று கோடை என்று பேச்சு. நகரியில் பெய்கிற அளவு நம் நிலத்திலும் பெய்தால் நிலம் நிலமாக இருக்கட்டும், குறைந்தால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று ஒப்பந்தம். நிலத்தில் ஒரு மழைமானி. தம்பி டூட்டிக்குப் போகிற நாளில் கவிதா பார்ப்பாள். நகரியில் ஒரு மழைமானி. அது என்னுடையது. இது எனக்கும் தெரியும். இனி சொல்லப்போவதைத் தெரிந்தேதான் செய்தேன்.

மூன்றாவது கோடையில் திருத்தணியில் ஒரு கல்யாணம். வீட்டுக்காரரிடம் பத்துத் தடவை சொல்லிவிட்டுப் போனேன், அவர் பத்துத் தடவையும் தலையாட்டினார். மறுநாள் பத்து மணிக்குத் திரும்பி வந்தால் தெருவெல்லாம் சேறு. மாடியில் மழைமானி கவிழ்ந்து கிடக்கிறது, புனல் அடுத்த வீட்டு மாடியில். குரங்கின் வேலை. "நேத்து சரியான மழடி" என்றாள் எதிர்வீட்டுக்காரி. குழுவில் எல்லோரும் அளவுகளைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டு மோட்டார் நாளைத் தவிர, மூன்று கோடையில் என் வரிசையில் ஒரு கோடுகூட விழுந்ததில்லை. அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது. முற்றத்தில் கிடந்த வாளியைப் பார்த்தேன், வாய்க்காலைப் பார்த்தேன், 42 என்று போட்டுவிட்டேன். வடிகட்டின பொய்.

ஒரு நிமிஷத்தில் அவருடைய செய்தி வந்தது. 'நம்ம நிலம் 31.4. நகரி 42. ரெண்டு பக்கமும் நல்ல மழை.' அப்போதுதான் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நாளில் அவருடைய நிலத்தைவிட நகரி எவ்வளவோ முன்னால் போய்விட்டது. போட்ட எண்ணை எடுத்துவிடலாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். எடுக்கவில்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்தே கூப்பிட்டார்.

"நாப்பத்திரண்டு, நீயே பாத்தியாம்மா?"

"ஆமாண்ணா, நான்தான் பாத்தேன்."

"சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

கோடை முடிந்து, அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தறியில் கை ஓடவில்லை. என் ஒரு பொய் போய் அந்த இரண்டரை ஏக்கரைப் பள்ளமாக்கப் போகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மத்தியானம் அவர் கூப்பிட்டார். "முடிவு தெரியலம்மா. கிட்டத்தட்ட சமம். நம்முது ஒரு துளி கொறச்சல். அண்ணன்கிட்ட இன்னொரு கோடை கேட்டுக்கினு இருக்கேன்." பின்னால் கோவிந்தசாமியின் குரல் கேட்டது. "இவன் புடிச்ச மொசலுக்கு மூணே காலுன்னுவான். நீங்க ஒருத்தராச்சும் சொல்லக் கூடாதா?" மற்ற நாட்களின் மழை என் பொய்யை எப்படியோ மூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நானே கூட்டிப் பார்க்கவில்லை. பயம்.

நான்காவது கோடை முழுக்க நான் மாடிக்குக் காவல் இருந்தேன். குரங்குக்காகச் சுற்றிலும் கம்பிவலை கட்டினேன். எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. அந்த வருஷம் நிலம் நகரியை மிஞ்சியது. சூளைக்காரரைக் கோவிந்தசாமியே திருப்பி அனுப்பினார். ஏழுமலை அண்ணனுக்கு அந்த வெற்றியைவிட வேறொன்றில்தான் சந்தோஷம். நேரங்களையெல்லாம் அடுக்கி வைத்துப் பார்த்தபோது, நிலத்தில் விழுந்த நல்ல மழையில் பாதி, நகரியில் ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, கிழக்கே இருந்து வந்திருந்தது. "நாம மேக்கயே பாத்துக்கினு இருக்கோம். நம்ம மழ முதுகுப் பக்கம் வந்துட்டுப் போவுது" என்றார். அப்படியானால் மலை மேகத்தை வெட்டுகிறதா, இல்லையா என்று கேட்டேன். "சில நாள் வெட்டுது. சில நாள் வெட்டல. ஏன்னு தெரியல. அது அடுத்த கேள்வி."

இது நடந்து இரண்டு வருஷம். அவரைப் பார்த்தபோதெல்லாம் அந்த 42-ஐச் சொல்லிவிட வாயெடுத்தேன். வேறெதையோ பேசிவிட்டு வந்துவிடுவேன். நிலம்தான் பிழைத்துவிட்டதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காரியத்தன்று கவிதா அவருடைய நோட்டுகளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நான் வேறெதையும் பார்க்காமல் அந்த மூன்றாவது கோடைக்குப் போனேன். நகரி வரிசையில் என் அளவுகள்: 17.4, 6.2, 23.8. குழாயில் உற்றுப் பார்த்து எழுதிய என் எண் எல்லாவற்றுக்கும் ஒரு புள்ளி இருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் மொட்டையாக, 42. என்னை நானே காட்டிக் கொடுத்திருக்கிறேன். அதைப் படிக்க முடிகிற மாதிரி மெல்லிசாக அடித்துவிட்டு, பக்கத்தில் கோடு போட்டிருந்தார். அது நியாயம்தான். எதிர் வரிசையைப் பார்த்தேன். அன்றைய தேதியில் அவருடைய சொந்த நிலத்தின் 31.4. அதையும் அடித்து, அங்கேயும் கோடு.

எனக்கு முதலில் புரியவில்லை. கவிதாதான் போனில் கூட்டிப் பார்த்தாள். இரண்டு எண்ணும் இருந்திருந்தால் நிலம் தோற்றிருக்கும், மண் போயிருக்கும். என் பொய்யை மட்டும் எடுத்துவிட்டு அவருடைய 31.4-ஐ வைத்துக்கொண்டிருந்தால் அந்த வருஷமே ஜெயித்திருப்பார். ஒரு பக்கம் பார்க்காத நாளில் மறுபக்கம் பார்த்ததைக் கூட்டுவது சரியில்லை என்று இரண்டையும் எடுத்திருக்கிறார். எடுத்துவிட்டு, அண்ணனிடம் என் பெயரைச் சொல்லாமல், திட்டு வாங்கிக்கொண்டு, இன்னும் ஒரு வருஷம் நிலத்தை ஆபத்தில் வைத்துக் காத்திருந்திருக்கிறார். நோட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் செத்ததற்கு அன்றுதான் அழுகை வந்தது.

பிறகு எழுந்து போய் கோவிந்தசாமியிடம் சொன்னேன். "அண்ணா, அந்த வருஷம் நான் போட்ட நாப்பத்திரண்டு பொய். நான் ஊர்லயே இல்ல."

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். "அப்போ அந்த வருஷமே அவன் ஜெயிச்சிட்டானா?"

"முப்பத்தொண்ண வெச்சிக்கினு இருந்தா, ஆமாண்ணா."

"வெச்சிக்கினா இன்னா? யார் கேக்கப் போறாங்க?"

அவர் வெகுநேரம் அந்த இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருஷம் பூரா அவன நான் பேசாத பேச்சு இல்லம்மா" என்றார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த டப்பாவ எப்படிப் பாக்கறது? வா, வந்து காட்டு" என்று நிலத்தைப் பார்த்து நடந்தார். மூன்று நாள் கழித்துக் காலை எட்டரைக்கு, குழுவில் ஒரு புது எண்ணிலிருந்து செய்தி வந்ததே, யார் என்று எல்லோரும் கேட்டீர்களே, அது அவர்தான். 'பிச்சாட்டூர் பக்கம். சைபர். பாத்தேன்.'

அவருடைய நோட்டுகளைக் கவிதாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவை அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். நான் வைத்துக்கொண்டிருப்பது கோட்டை மட்டும். என் நோட்டில் அந்த 42-ஐ அவர் அடித்த மாதிரியே மெல்லிசாக அடித்து, பக்கத்தில் கோடு போட்டுவிட்டேன். இந்த வருஷப் பக்கத்தில் இன்னொரு கோடும் இருக்கிறது. அவர் போன அன்று நான் படியோடு இறங்கிவிட்டேன். அன்று சாயங்காலமும் மழை, மறுநாள் காலை மேலே ஏறியபோது இரண்டு நாள் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. "நல்லா பேஞ்சுதே, பக்கத்துல கேட்டு ஒரு நம்பரப் போட்டுக்கோயேன்" என்றார் என் வீட்டுக்காரர். நான் கோடு போட்டேன். ஏழுமலை அண்ணன் போவதற்கு முந்தின நாள் நகரியில் எவ்வளவு பெய்தது என்று எனக்குத் தெரியாது.